யோகா மாஸ்டருக்கு ஒரு வால்வு

யோகா சொல்லிக்கொடுப்பவனுக்கு நோய் வரக் கூடாது. வந்தால் டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது. வியட்நாமின் சைகோனுக்குப் பிழைக்க வந்த எங்களுக்கு இதுதான் தொழில் தர்மம். எனக்குப் பிறவியிலேயே இதய வால்வு ஒன்று கோணல். நாற்பதைத் தாண்டியதும் அது சுருங்க ஆரம்பித்தது. இப்போதைக்கு வேண்டாம், ஆனால் ஒருநாள் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஒருநாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் சக வால்வுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செடி

சைகோனின் தாவோ தியென் பகுதியில் எங்கள் ஸ்டூடியோ, மூன்றாவது மாடியில். லிஃப்ட் உண்டு. ஆனால் லிஃப்டில் வரும் யோகா மாஸ்டரை யார் மதிப்பார்கள்? படியில்தான் ஏறுவேன். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கும். நல்லவேளையாக அங்கே ஒரு பூந்தொட்டி. இலையைத் தடவி ரசிப்பவன்போல நின்று, மூச்சு சீரானதும் மேலே போவேன்.

ஹான் என்று ஒரு மாணவி. என் வயதுதான், டைல்ஸ் கம்பெனியில் மேனேஜர். ஒருநாள் விடுவிடுவென்று படியேறி வந்தவர் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். "மாஸ்டர், அது பிளாஸ்டிக் செடி."

கடிகாரம்

வகுப்பின் கடைசியில் சவாசனம். எல்லோரும் அசையாமல் படுத்திருக்க, எங்கிருந்தோ டிக், டிக் என்று சத்தம் வரும். என் நெஞ்சு துடிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பயந்துகொண்டிருந்த காலம் அது. இந்தச் சத்தம் வேறு உயிரை வாங்கியது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எறியச் சொல்லி, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மாஸ்டர், அந்தக் கடிகாரம் நின்னு ரொம்ப நாளாச்சு. நீங்க கவனிக்கலையா?"

பல்

அடுத்த பரிசோதனையில் நேரம் வந்துவிட்டது என்றார் டாக்டர். முதல் வேலையாக என்னைப் பல் டாக்டரிடம் அனுப்பினார். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி புது வால்வில் போய்க் குடியேறிவிடுமாம். கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, ஓம் சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை.

அறைத்தோழன் செல்வம் திண்டுக்கல்காரன், எங்கள் ஸ்டூடியோவிலேயே இன்னொரு மாஸ்டர்; இவனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணே, நெஞ்சுல கோளாறுன்னு போயி பல்லைக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. அது சரியான ஆஸ்பத்திரிதானா?"

சொல்லிவிட்டேன்

இனி மறைக்க முடியாது. சொன்னால் வகுப்பு காலியாகிவிடும், பிழைப்பு போய்விடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஆபரேஷனின்போது இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்களாம். மூச்சை நிறுத்தச் சொல்லியே சம்பாதித்தவன், இதயத்தை நிறுத்துவார்கள் என்றதும் ஆடிப்போனேன். ஒருநாள் சவாசனம் முடிந்ததும் இரண்டு பயத்தையும் சொல்லிவிட்டேன். டிக், டிக் மட்டும் கேட்டது.

ஹான் எழுந்து வந்து, சட்டைக் கழுத்தைச் சற்றே இறக்கிக் காட்டினார். தொண்டைக்குக் கீழே நேர்கோடாக ஒரு பழைய தழும்பு. வேறொரு யோகா வகுப்பில் இதைச் சொன்னதும் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்களாம். அதனால்தான் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. "நிறுத்தினது எனக்குத் தெரியவே இல்ல, மாஸ்டர். உலோக வால்வு வெச்சுத் திரும்ப ஓடுறதைத்தான் நீங்க தினமும் கேக்குறீங்க. அந்தக் கடிகாரம் நான்தான்."

தலையணை

அன்று முதல் ஹான் மாஸ்டர், நான் மாணவன். ஆபரேஷனுக்குப் பிறகு, அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை கையை ஊன்றி எழக் கூடாது. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தலைகீழாக நிற்கத் தெரிந்த எனக்கு, கை ஊன்றாமல் எழத் தெரியவில்லை. ஆமை மாதிரி மல்லாந்து கிடந்தேன்.

வகுப்பு காலியாகவில்லை. எல்லோரும் தலையணையோடு வந்து என்னுடன் சேர்ந்து பழகினார்கள். ஒருவர் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோவிலில், இந்த ஊர் வழக்கப்படி சுவரில் நெற்றியை வைத்து எனக்காக வேண்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் யார் எப்போது துணைக்கு இருப்பது என்றும் அவர்களே பேசி முடித்தார்கள். முதல் தடவையாகக் கை ஊன்றாமல் நான் எழுந்து உட்கார்ந்தபோது கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் செல்வம் எட்டிப் பார்த்தான். "அண்ணே, பூரா கிளாஸும் தலகாணியக் கட்டிப்புடிச்சு இருமிக்கிட்டு இருக்கு. இந்த ஆசனத்துக்கு என்னண்ணே பேரு?"

மறுபடியும் மூன்றாவது மாடி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்கு வைத்ததும் ஹானுடையதைப் போலவே உலோக வால்வு. சில மாதம் கழித்து டாக்டர் போகலாம் என்றதும் வகுப்புக்குக் கிளம்பினேன். படியில்தான் ஏறினேன். இரண்டாவது மாடி வந்தது, மூச்சு வாங்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அந்தப் பிளாஸ்டிக் செடியைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே போனேன்.

பாடம் முடிந்து சவாசனம். நானும் படுத்தேன். ஹானின் பாயிலிருந்து ஒரு டிக். என் பாயிலிருந்து இன்னொரு டிக். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. ஹான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மாஸ்டர், உங்களுது என்னுதைவிட அவசரப்படுது. மூச்சை மெதுவா விடுங்க."

ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை நானும் ஒழுங்காகச் செய்வதற்கு, நெஞ்சைத் திறந்து ஒரு வால்வையே மாற்ற வேண்டியிருந்தது.