முதல் திருநீறு

எனக்குப் பொறாமை அதிகம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் ஐயாவின் பட்டாளத்துக் கதையை நான் தேடிப் போனதே பொறாமையால்தான்.

ஐயா என்றால் அப்பாவின் அப்பா. திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சின்ன வயதிலேயே மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். இடையில் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது பிடித்துக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நாலு மாதத்தில் திரும்பக் கப்பலேறிவிட்டார். அப்புறம் சண்டை வந்துவிட்டது. வெள்ளைக்காரனை விரட்ட அங்கே தமிழர்களைத் திரட்டிய படையில் சேர்ந்து, பர்மா வரைக்கும் நடந்து, பிடிபட்டு, ஜெயிலில் கிடந்து, ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தபோது என் அப்பாவுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு ஐயா எங்கும் போகவில்லை.

நான் வேலை பார்ப்பது தாலுகா ஆபீஸில். என் எதிர் மேஜைக்காரியின் தாத்தாவும் அதே படையில் இருந்தவர்தான். அவருக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் அவள் வீட்டில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அந்தப் படம் மறுநாள் எங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவில் வரும். நானும் கைகூப்புகிற பொம்மையைப் போடுவேன். வயிறு எரியும். எங்கள் ஐயாவும் அதே சண்டைக்குத்தான் போனார். ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போடச் சொல்லி ஆட்கள் விண்ணப்பப் பாரத்தோடு வந்தால், ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கமாகப் போய்விடுவாராம்.

ஒரு ஆதாரமாவது கிடைத்தால் எதிர் மேஜைக்காரியின் வாயை அடைக்கலாம் என்று, அந்தப் படைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் முகநூலில் நடத்தும் ஒரு குழுவில் ஐயாவின் படத்தைப் போட்டேன். கூட்டுறவுச் சங்கத்து அட்டைக்காக எடுத்த சின்னப் படம், எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஊர்ப்பெயரும் எழுதியிருந்தேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து மலேசியாவிலிருந்து ஒரு பெண் பதில் போட்டாள். ‘இவங்க எங்க தாத்தா. ஊர்ப் பேரும் சரியா இருக்கு. இந்தப் படத்தைப் பாருங்க.’

பார்த்தேன். பட்டாளத்து உடுப்பில் ஐயா. எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பையன் உட்கார்ந்து அவருடைய தொப்பியைத் தன் தலையில் வைத்திருந்தான். அவனுடைய இரண்டு கால்களும் ஐயாவின் நெஞ்சில் தொங்கின. ஐயா அந்தக் கால்களைப் பிடித்திருந்தார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஐயா இறந்தார். பதின்மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னை ஒருநாளும் தூக்கியதில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். பேசினால் “மாட்டப் பாரு”, “வெளக்க அமத்து”, அவ்வளவுதான். அப்பாவிடமும் அதே இரண்டு வார்த்தைதான். எங்கள் வீட்டில் எதற்கும் சத்தமாகச் சிரிக்கிற வழக்கமே இல்லாமல் போனது அவரால்தான்.

மறுநாள் அவள் போனில் பேசினாள். என்னைவிட மூன்று வயது இளையவள். தமிழ்ப் பள்ளி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவள். படத்தில் இருக்கும் பையன்தான் அவளுடைய அப்பா. ஐயா அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் வைத்து அவளுடைய அப்பாயிக்குத் தாலி கட்டியிருக்கிறார். லாரியில் நின்றபடியே பாடிக்கொண்டு போவாராம். மகனுக்கு அவரே முடி வெட்டிவிடுவாராம். மழை பெய்தால் மகனை முதுகில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் குதிப்பாராம். அப்பாயி சாகிறவரைக்கும் இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லியே பிள்ளையையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்தாளாம்.

பாட்டா? எங்கள் ஐயாவா? வெறும் ஆளை எங்களிடம் அனுப்பிவிட்டு மற்ற எல்லாவற்றையும் இவர்கள் வைத்துக்கொண்டார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“தாத்தா பர்மாவுலயே செத்துட்டதா ஒரு ஆள் வந்து சொன்னாராம். நீங்க போட்ட படத்துல அவருக்கு வயசான மாதிரி இருக்கே. எப்ப இறந்தாரு?” என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் வருஷத்தைத் திருப்பிக் கேட்டாள். பிறகு, “அப்ப எங்க அப்பாயி உயிரோடதான் இருந்தாங்க” என்றாள்.

கடைசியில் அவர் எங்களிடம்தானே திரும்பி வந்தார் என்று அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் இருந்தது.

போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்தப் பையனின் கால்கள் உறைத்தன. உடுப்புப் போட்ட காலம் என்றால் அப்போது என் அப்பாவுக்கு இரண்டு வயது இருக்கும். இந்தப் பையனுக்கோ ஐந்துக்குக் குறையாது. அவளிடம் கேட்டேன். ஒளிவுமறைவு இல்லாமல் அவளுடைய அப்பாவின் பிறப்புப் பத்திரத்தையே அனுப்பிவைத்தாள். என் அப்பாவைவிட மூன்று வயது மூத்தவர். ஐயா ஊருக்கு வந்து என் அப்பத்தாவைக் கட்டியபோதே அங்கே அவருக்குப் பெண்டாட்டியும் மகனும் இருந்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு என்ன போச்சு என்று கேட்பீர்கள். எங்கள் குலசாமி கோவிலில் ஆடி மாதம் பங்காளிகள் எல்லாம் கூடிப் படையல் போடுவோம். பூசாரி முதல் திருநீற்றை மூத்த கிளையில் மூத்தவருக்குப் பூசி, தலையில் பரிவட்டம் கட்டுவார். பிறகு அந்த மூத்தவர் தட்டை வாங்கி மற்ற பங்காளிகளுக்குப் பூசிவிடுவார். ஐயா போனதிலிருந்து அது என் அப்பா. ஐயாவிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். வருஷம் பூராவும் குனிந்தே நடக்கிற மனுஷன் அன்றைக்கு மட்டும் நிமிர்ந்து நிற்பார். நான் ஒரே பிள்ளை, அதுவும் பெண். அவருக்குப் பிறகு அது எங்கள் வீட்டைவிட்டுப் போய்விடும். இருக்கிறவரைக்குமாவது இருக்கட்டுமே. ஐயாவின் சிரிப்பையும் வைத்துக்கொண்டு இதையும் அவர்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமா?

வாரிசுச் சான்றிதழ் மனுக்களைப் பார்ப்பதுதான் என் வேலை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளையை மறைத்திருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எத்தனை பேரை அதற்காக நிறுத்திவைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அப்பாவிடம் போய், “அப்பா, ஐயாவுக்கு மலேயாவுல இன்னொரு குடும்பம் இருந்துருக்கு. ஒங்களுக்கு ஒரு தம்பி இருக்காரு” என்றேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, “சண்டை நேரத்துல போன எடத்துல சேத்துக்கிட்டாரு போலருக்கு” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். படத்தையும் காட்டினேன், ஆனால் செல்போனில் பையனின் தலையையும் உடம்பையும் வெட்டிவிட்டுத்தான் காட்டினேன். நெஞ்சில் தொங்கிய கால்களை மட்டும் வெட்ட முடியவில்லை.

“யாரு புள்ள காலு இது?”

“கூட இருந்தவுக புள்ளையா இருக்கும்.”

அப்பா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கம் சின்னவர்தான் பெரியவரை முதலில் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும். பெரியவர் தானாகக் கூப்பிட்டால் மரியாதைக் குறைச்சல். “தம்பி கூப்புடட்டும், பேசுவோம்” என்று அப்பா செல்போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கண்மாய்ப் பக்கம் நடக்கப் போனால்கூட அது கூடவே போகும். அங்கிருந்து போன் வரவே இல்லை. “அம்புட்டு ராங்கி” என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பக்கம் அவளோ, “எங்க அப்பா தம்பி கூப்பிடுவாருன்னு போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு அக்கா” என்பாள். “அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காதும்மா” என்று சொல்லி வைத்தேன். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

ஆடிப் படையலுக்கு அவர்களே கிளம்பி வந்துவிட்டார்கள். அவளுடைய அப்பா, எனக்குப் பெரியப்பா, தலைக்குச் சாயம் போட்டு, வேகமாக நடந்தார். என் அப்பாதான் மூத்தவர் போல இருந்தார். பெரியப்பாவின் மூக்கும் தாடையும் அப்படியே ஐயா. அப்பா வாசலுக்கு வந்து, “வாங்க தம்பி” என்று கையைப் பிடித்தார். பெரியப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் பிடித்த கையை விடாமலே உள்ளே வந்தார்.

அவள் அடுப்படிக்குள் வந்து, “எங்க அப்பாவைத் தம்பிங்கிறாரே?” என்று கேட்டாள்.

“வயசாயிருச்சுல்ல, ஞாபகம் தப்புது” என்றேன். அப்பாவுக்கு ஞாபகமும் நன்றாகவே இருந்தது.

மறுநாள் கோவிலில் தகரக் கொட்டகை நிறையப் பங்காளிகள். பூசாரி தட்டோடு வந்து, “மூத்தவுக முன்னாடி வாங்க” என்றார். அப்பா வழக்கம் போல முன்னால் போனார். அவள் என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவளைப் பெரியப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். “அவருக்கே பூசட்டும்மா. அப்பாவுக்குக் கொள்ளி வச்சது அவருதானே” என்றார். எனக்கு அப்போதும் பொறாமைதான் வந்தது. விட்டுக்கொடுக்கிற குணம்கூட அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது.

பூசாரி பரிவட்டம் கட்டிவிட்டார். அப்பா தட்டை வாங்கிக்கொண்டு திரும்பி, “தம்பி, மொதல்ல நீங்க வாங்க” என்றார். பெரியப்பா செருப்பில்லாமல் அந்தச் சூட்டில் நடந்து வந்து, கைகூப்பி, என் அப்பாவுக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. மூத்தவர் இளையவருக்கு முன்னால் தலை குனிந்தால் இளையவரின் ஆயுசு குறையும் என்பார்கள். படித்தவள்தான், கெசட்டில் பெயர் மாற்றுவதற்கெல்லாம் வழி சொல்கிறவள்தான். ஆனாலும் அதை நான் நம்புகிறவள். அப்பாவின் விரல் திருநீற்றை எடுத்துவிட்டது.

“பூசாதீங்கப்பா!” என்று கத்தினேன். “அவருதான் மூத்தவரு! ஒங்களுக்கு அண்ணன்!”

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“ஒங்களுக்கு என்ன வயசு?”

“எண்பத்தி நாலுங்க.”

அப்பா தட்டைப் பூசாரி கையில் கொடுத்தார். தலையிலிருந்த பரிவட்டத்தை அவரே அவிழ்த்தார். முழங்கால் வலியோடு தரையில் கையை ஊன்றி மெதுவாக இறங்கி, அவர் காலில் விழுந்தார். ஐயா போனதற்கு அப்புறம் அப்பா யார் காலிலும் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுவதற்கு அவருக்கு மேலே ஆள் இல்லை. பெரியப்பா தூக்கிவிட்டுத் திருநீறு பூசினார். பூசின கையை எடுக்கவில்லை.

“நீங்க கூப்பிடுவீங்கன்னு ஆறு மாசமா போனை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், தம்பி.”

“நீங்க கூப்புடுவீகன்னுல்ல நான் உக்காந்துருந்தேன்.”

முதல் இடம் போனால் அப்பா உடைந்துவிடுவார் என்றுதான் நான் இத்தனையும் செய்தது. அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்க அண்ணன்” என்று கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். ஐயாவை எரித்த இடத்துக்குக் கூட்டிப் போனார். என்னைக் கூப்பிடாமல் இரண்டு பேருமாகக் கார் பிடித்துக் கட்டுமாவடிக்குப் போய் நண்டு வாங்கி வந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் பெரியப்பா ஏதோ சொல்ல, அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். ஐயாவுக்கு அந்தப் படத்தில் தெரிந்த அதே பல்வரிசை. என்னோடு உட்கார்ந்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. நண்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டே நான் வெந்துபோனேன்.

மூன்றே நாள்தான் இருந்தார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் பெரியப்பா உள்ளே போன பிறகும் அப்பா கண்ணாடிக் கதவுக்கு முன்னாலேயே நின்றார். காரில் திரும்பும்போது கீரனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு இது எப்ப ஆத்தா தெரியும்?”

“மாசி மாசமே தெரியும்ப்பா.”

விரல் விட்டு எண்ணினார். ஆடியில் வந்து நிறுத்தினார்.

“ஆறு மாசம்” என்றார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “எனக்கு எண்பத்தொண்ணு. அவருக்கு எண்பத்தி நாலு. இன்னும் எத்தன ஆறு மாசம் நாங்க வச்சிருக்கோம்னு நெனச்ச, ஆத்தா?”