பத்து நிமிடத்தில் ஐம்பத்தாறு

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு நீங்கியதும் பெம்பான் தோட்டத்திலிருந்து புறப்பட்டோம். மலாயாவில் அவசரகாலத்தின் நாலாவது வருஷம். செம்பி என்ற குதிரைமேல் அதன் பராமரிப்பாளர் முனியாண்டி. பின்னால் சைக்கிளில் நான், தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசர். போக வேண்டிய மஸ்ஜித் தானா ஊருக்கு ஏறக்குறைய முப்பது மைல்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குக் குண்டு துளைக்காதபடி இரும்புத் தகடு அடித்த கார் வந்துவிட்டது. குதிரை இனி வேண்டாம். மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டமொன்று செம்பியையும் முனியாண்டியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. நிபந்தனை இரண்டு. பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். சேர்ந்த அரை மணிக்குள் குதிரையின் இதயத்துடிப்பு அறுபதுக்கு இறங்க வேண்டும். தவறினால் செம்பியைச் சுட்டுவிடுவதாகத் துரை சொல்லியிருந்தார். வழியில் துடிப்பை எண்ணத்தான் முனியாண்டி என்னை அழைத்திருந்தார்.

எட்டு மணிக்குத் தெங்கேரா. காப்பிக்கடை முன் நிறுத்தி, செம்பியின் இடப்பக்க விலாவில் ஸ்டெதஸ்கோப் குழலை வைத்தேன். நூற்றிருபது. மனிதனுக்கு அப்படி அடித்தால் படுக்கையில் போட்டிருப்பேன்.

"ஓடினா ஏறத்தான் செய்யும், டிரசரையா. எவ்ளோ சீக்கிரம் இறங்குதுன்னு பாருங்கலா," என்றார்.

பத்து நிமிடத்தில் அறுபத்தெட்டு. பத்துக் காசுக் காப்பியைக் குடிக்க அப்போதுதான் மனம் வந்தது.

பத்து மணிக்குச் சாலைத் தடுப்பு. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமா என்று சேணப்பை முதல் சைக்கிள் பம்பு வரை சோதித்தார்கள். இருபது நிமிடம் வெயில். துடிப்பு எண்பத்து நாலை விட்டு இறங்கவில்லை. முனியாண்டி மலாயில் அனுமதி கேட்டு, செம்பியை ரப்பர் மர நிழலுக்கு நடத்தினார். சேணத்தை இறக்கி, கழுத்திலும் கால்களிலும் தண்ணீர் ஊற்றி, கையால் வழித்து, மறுபடி ஊற்றினார். காவலர் ஒருவரே இன்னொரு வாளி கொண்டுவந்தார். உடம்புச் சூடு தணியாமல் நெஞ்சு அடங்காது என்று முனியாண்டி விளக்கினார். கால் மணியில் அறுபது.

கடைசி ஒரு மைலை அவர் ஓட்டவில்லை. இறங்கி, கூடவே நடந்தார். நேரம் போகிறதே என்று நான் தவித்தேன்.

பதினொன்றே முக்காலுக்குச் சேர்ந்தோம். அங்கே காத்திருந்த அந்தத் தோட்டத்து மிருக வைத்தியர் பத்து நிமிடம் கழித்துக் குழலை வைத்தார். எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார்.

"ஐம்பத்தாறு. லாயத்துக்குக் கொண்டு போ. நாளையிலிருந்து உனக்கும் இங்கேதான் வேலை."

முனியாண்டி செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார். நான் என் வயதை மறந்து கைதட்டினேன்.

சைக்கிளைப் பஸ் கூரைமேல் ஏற்றி, ஊரடங்கு தொடங்குமுன் பெம்பான் திரும்பினேன். மறுநாள் மேட்டுக்காட்டிலிருந்து மூச்சிரைக்க வந்த ரப்பர்ப் பால்மரத் தொழிலாளியின் நாடியைப் பிடித்தேன். வழக்கமாக ஒருமுறை எண்ணி அனுப்பிவிடுவேன். அன்று அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி எண்ணினேன்.