எழுநூறு கட்டம்

பள்ளியில் நிலா பேர் வாங்கியது கூடுதல் தாளால்தான். தேர்வறையில் முதல் ஆளாக எழுந்து "அடிஷனல் ஷீட் மிஸ்" என்பாள். கடைசியில் வெள்ளை நூலில் கட்டும்போது அவள் விடைத்தாள்தான் எல்லோருடையதையும்விடத் தடியாக இருக்கும். எழுத எழுத மார்க் வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வரவும் செய்தது.

கொரிய மொழித் தேர்வில் அது செல்லவில்லை. அங்கே கட்டுரைக்கு எழுநூறு கட்டம். கட்டத்துக்கு ஓர் எழுத்து. சொற்களுக்கு நடுவே விடும் இடத்துக்கும் ஒரு கட்டம் போய்விடும். கேட்கிற மூன்று கேள்விகளுக்கும் அதற்குள் பதில் முடிய வேண்டும்.

தி.நகர் துணிக்கடையில் அவளோடு பில் போட்ட ரூஹியும் அதே தேர்வுக்குப் படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி கட்டுரையை ஒருத்தி திருத்துவார்கள்.

"இன்னாடி இது? முன்னுரையே முந்நூறு கட்டத்த தின்னுகீது" என்றாள் ரூஹி.

"வாசல்ல கோலம் போட்டாதானே உள்ள வருவாங்க?"

"கோலம்லாம் வாணாம். கேட்டதுக்கு பதில் சொல்லு."

ரூஹி பென்சிலால் இருநூறில் ஒரு கோடும் ஐந்நூறில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தாள். கோடு வந்தால் பாதி வாக்கியமானாலும் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். மூன்று மாதத்தில் நிலாவின் கட்டுரைகள் அறுநூற்றுத் தொண்ணூறில் ஒழுங்காக முடிந்தன.

நந்தனத்தில் ஒரு கொரிய கம்பெனி அலுவலகத்தில் ஓர் இடம் காலி; இருவரும் அதற்கு எழுதிப் போட்டிருந்தார்கள். கொரியத் தேர்வில் நான்காம் நிலை தேறினால் வேலை. நிலா பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அடையாறு ஆற்றங்கரை வீட்டை இடித்து, அவர்களைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடிக்கு அனுப்பினார்கள். அம்மா பாஞ்சாலி அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, அடையாற்றில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புகிறாள். இந்த வேலை கிடைத்தால் திருவான்மியூரில் ஓர் அறை எடுத்துவிடலாம் என்று நிலா கணக்குப் போட்டிருந்தாள்.

தேர்வில் வந்த தலைப்பு நகர வளர்ச்சி. அதனால் என்ன நன்மை, என்ன பிரச்சினை, அதைத் தீர்ப்பது எப்படி?

நன்மை நூற்றெண்பது கட்டத்தில் முடிந்தது. பிரச்சினைக்கு வந்தாள். அரைப்பரீட்சைக்குக் கிளம்பிய காலையில் தெருமுனையில் வீடு இடிக்க வந்து நின்ற இயந்திரம், வாசல் குழாய், அம்மாவின் பஸ் என்று ஒவ்வொன்றாக வந்தது. கொரியச் சொற்களும் தேடாமல் வந்தன. ஐந்நூறாவது கட்டத்தில் அன்று பென்சில் கோடு இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பன்னிரண்டு கட்டம்தான் மிச்சம்.

தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். "அடிஷனல் ஷீட், மேம்."

மேற்பார்வைக்கு நின்ற பெண்மணி இல்லையென்று தலையசைத்து, உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

முடிவு வந்தது. நான்காம் நிலைக்கு நூற்றைம்பது மதிப்பெண் வேண்டும். நிலா வாங்கியது நூற்று நாற்பத்தேழு. ரூஹி தேறிவிட்டாள்.

"அந்த வேலைல நான் சேரலடி. ஏப்ரல்ல நீயும் எழுதுவல்ல, அப்புறம் பாக்கலாம்" என்று ரூஹி அழுதாள்.

"லூசு. அதுவரிக்கும் சீட்ட காலியா வெச்சினு இருப்பானா? போய்ச் சேரு."

அன்று மதியம் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வேலை முடிந்து திரும்பிய அம்மாவிடம் திருவான்மியூர் பஸ் நிலையத்தில் நிலா சொன்னாள். பாஞ்சாலி கேட்டாள்: "இன்னா கேட்டுகீறாங்க பரிட்சைல?"

நிலா தான் எழுதியதையெல்லாம் தமிழில் சொன்னாள்.

"வாசல் பைப்ப எழுதுனியா?"

"எழுதுனேம்மா."

"மிஷினு வந்தத?"

"அதுவும்."

"எல்லாம் சரியாத்தான எழுதிகீற. அப்புறம் ஏன் மார்க்க கொறச்சான்?"

"கடைசி கேள்விய உட்டுட்டேன்."

"அது இன்னாது?"

"இதுக்கு இன்னா வழின்னு."

பஸ் வந்தது. பாஞ்சாலி ஓடிப்போய் இடம் பிடித்தாள். பஸ் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் மகள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மாவின் கையில் சோப்புத் தண்ணீர் வாசனை இன்னும் இருந்தது. பெரும்பாக்கம் வரும்வரை நிலா தோளை அசைக்கவில்லை.