யசோதினியின் இருபத்திரண்டு வீடுகள்

இடுப்பளவு நீரில் கண்களை மூடிக்கொண்டு நிற்கிறாள் யசோதினி. வலது கால் மணலில். இடது கால் நீருக்குள் சற்றே தூக்கியபடி. வாவியில் இன்னும் வெயில் விழவில்லை. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுகிறது. "கண்ணகை வீடு, தையல்கடை, வல்லிபுரம் மாஸ்டர் வீடு, பாழ்வளவு..." என்று உதடுகள் முணுமுணுக்கின்றன. செட்டிபாளையத்தில் கடற்கரையிலிருந்து வாவிவரை வரும் ஒழுங்கையின் இருபத்திரண்டு வீடுகளையும் கடைசியிலிருந்து முதலாவதுக்குச் சொல்லிக்கொண்டு போகிறாள். கைக்கெட்டும் தூரத்தில் நீருக்குள் நிற்கும் கணவன் யோகராசா, வாய்க்குள் முப்பதுவரை எண்ணுகிறான்.

அந்த ஒழுங்கையில் பதினொரு வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவள். வயது முப்பத்தெட்டு. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கண் மங்கியது; பிறகு தரை தோணிபோல ஆடத் தொடங்கியது. சைக்கிளோடு விழுந்தாள். மதிலைப் பிடித்துப் பிடித்து நடந்தவளைப் பார்த்து, "தபால்காரி குடிச்சிருக்காளோ?" என்று யாரோ கேட்டது அவள் காதிலும் விழுந்தது. ஸ்கான் எடுத்த பிறகுதான் நோய்க்குப் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். "வயருக்கு மேல இருக்கிற பூச்சு உரிஞ்சிட்டுதாம். கரண்ட் போகுது, ஆனா சுணங்கித்தான் போகுது" என்பது அவள் விளக்கம்.

கால்களைவிடப் பெயர்கள்தான் அவளை அதிகம் வருத்தின. உறையில் பெயரை வாசிப்பாள். வீடு நினைவுக்கு வராது. ஒருத்திக்கு வந்த விவாகரத்துக் கடிதத்தை அவளுடைய மாமியார் வீட்டில் கொடுத்துவிட்டாள். அன்றைக்கே பையைக் கழற்றித் தபால் கந்தோர் மேசையில் வைத்தாள்.

காத்தான்குடிப் பெண்ணான நிஸ்மியாதான் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர். முதல் நாளே சொல்லிவிட்டாள்: "அக்கா, உரிஞ்சத ஒட்ட எனக்கு ஏலா. மிச்சம் இருக்கிற வழியால மூளையப் பழக்கலாம்." மெத்தையின்மேல் கண்மூடி நிற்பது, குதிகாலும் விரலும் தொடக் கோட்டில் நடப்பது, தலையைத் திருப்பித் திருப்பி நடப்பது. நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கவும் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்திலயே எனக்குக் கணக்கு ஓடாது மிஸ். வீடு சொல்லட்டா?"

நிஸ்மியா சிரித்துவிட்டாள். "சொல்லுங்க. ஆனா கடைசியில இருந்து."

வாவி யசோதினியின் சொந்த யோசனை. வெயில் ஏறினால் அவள் கால்கள் பஞ்சாகிவிடும். விடியல் நீரில் அவை சொன்னபடி கேட்கின்றன. கேள்விப்பட்டுப் பதறிப்போன நிஸ்மியா ஒருநாள் விடியவே கரைக்கு வந்து நின்றாள். இடுப்புக்கு மேல் ஆழம் கூடாது, தனியே இறங்கக் கூடாது என்று கட்டளை போட்டாள். யசோதினி நீருக்குள்ளிருந்தே சொன்னாள்: "தரையில நான் மட்டுந்தான் ஆடுறன் மிஸ். தண்ணிக்குள்ள எல்லாரும் ஆடத்தானே வேணும்."

கண்ணை மூடினால் ஒழுங்கை நீருக்கடியில் விரியுமாம். வாசல் படலைகள் ஒவ்வொன்றாய் மிதந்து வரும். முருங்கை நிழல் அசையும். மாஸ்டர் வீட்டு நாய்கூடக் குரைக்காமல் நீந்திப் போகும். ஏதோ ஒரு படலை மட்டும் பெயரில்லாமல் நிற்கும். யோகராசா எடுத்துக்கொடுக்கப் பார்ப்பான். "சொல்லாதீங்க. அது வரும்." சில நாள் வரும். வராத நாளில் கரையேறி, யாரோடும் கதைக்காமல் தேத்தண்ணி குடிப்பாள்.

திரும்ப வேலை கேட்டுப் போனபோது, கந்தோருக்குள்ளேயே உட்கார்ந்து முத்திரை குத்தச் சொன்னார்கள். அவள் அந்த ஒரு ஒழுங்கையைக் கேட்டாள். நடந்து போய், ஒன்பது மணிக்குமுன் முடித்துவிடுவதாக. "ஒரு மாசம் பாருங்க சேர். ஒரு கடிதம் பிழைச்சாலும் நானே வந்து சொல்லுறன்."

இப்போது மூன்றாவது கிழமை. ஒருமுறை விழுந்தாள், முழங்கை உரிந்தது. ஒரு கடிதமும் மாறவில்லை.

நேற்று மூலைவீட்டுச் சீதேவிப்பிள்ளை படலைக்கே ஓடிவந்தாள். "என்னத்துக்குகா இந்தக் காலோட? பையத் தா, எங்கட கடிதத்த நானே பார்த்து எடுக்கிறன்."

"நில்லுங்க மாமி."

கைத்தடியை மதிலில் சாய்த்தாள். வீட்டு வரிசையில் அடுக்கிவந்த பைக்குள்ளிருந்து அடுத்த உறையை எடுத்து, விலாசம் உள்பக்கமாக நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெயில் மதிலைத் தொட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சீதேவிப்பிள்ளையின் முழுப்பெயரை, தகப்பன் பெயரோடு, நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, உறையைத் திருப்பிப் பார்க்காமலே நீட்டினாள்.