ஜமைக்கா கேசட்

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போன ஸ்பெஷல் பஸ் கவிழ்ந்ததில் என் மகளுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறவில்லை. திண்டிவனத்தில் கல்லூரி, பஸ்ஸை விட்டால் வேறு வழி கிடையாது. படிப்பு நின்றுவிடுமோ என்று பயந்தேன். அவள் மறுபடி ஏறுவதை நினைத்தாலும் பயந்தேன்.

கப்பலில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு பாய் விடுமுறையில் வந்திருந்தார். பொழுது போகட்டும் என்று அவளுக்கு ஒரு கேசட் கொடுத்தார். ஜமைக்கா துறைமுகத்தில் வாங்கியது. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு ஓடுவதுபோல இருக்க, முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள்தான் உன்னிப்பாகக் கேட்க வைத்தாள்: தாளமும் வாத்தியமும் ஒன்று, பாடுகிறவர்கள் வேறு வேறு. ஒருவன் அந்தத் தாளத்தின்மேல் சந்தையில் கூவி விற்பவனைப்போல மளமளவென்று பேசிக்கொண்டே போனான். அடுத்தவன் பாதி வரியை விழுங்கிவிட்டு, தாளமே தன்னைத் தேடி வரட்டும் என்று காத்திருந்தான். பிறகு ஒரு பெண் வந்தாள். அவள் குரலில் அதே தாளம் துக்கமாயிற்று. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இன்னொருவன் பாடி முடித்த இடத்தில் பயமில்லாமல் வந்து நிற்கிறார்களே என்று மட்டும் வியந்தேன்.

பாய் கப்பலுக்குத் திரும்பும் நாளில், அந்தக் கேசட்டை நகலெடுக்கக் கொடுத்திருந்த ரெக்கார்டிங் கடையிலிருந்து பிரதியை வாங்கிக்கொண்டு, அவருடையதை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பஸ் நிலையத்துக்குப் போனார். வீட்டில் பிரதியைப் போட்டால், முதல் பாட்டு முடிந்ததும் சினிமா டூயட் ஓடியது.

மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கடைக்காரர் நாங்கள் நன்றி சொல்ல வந்திருப்பதாகவே நினைத்தார்.

"ஒரே பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டிருந்தாங்க சார். ஒண்ணு வெச்சிட்டு, மீதிக்கு நல்ல பாட்டா போட்டுட்டேன்."

"ஏன்ணா, ஒரே கொழம்புதானேன்னு பந்தியில ஒருத்தருக்கு மட்டும் ஊத்திட்டுப் போயிடுவீங்களா?" என்றாள் மகள்.

பாய் ஏறிய மெட்ராஸ் பஸ் கடைக்கு எதிரே பஸ் நிலையத்தில் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னலோரம் போய்க் கூப்பிட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. சட்டென்று படியில் ஏறிவிட்டாள். நெரிசலுக்குள் அவள் பின்னல் மறைந்ததைத்தான் நான் பார்த்தேன். விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கையில் பாயின் கேசட்.

"நீயே வெச்சிக்கன்னுட்டாரு நைனா. உனக்கு இன்னாத்துக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?"

பஸ் ஏறினாயே என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குச் சீக்கிரம் எழுப்பிவிடச் சொன்னாள். அவள் பஸ் திண்டிவனம் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் ஆகும்வரை இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.