குழந்தை என்ன சட்டை போட்டிருக்கிறது?

அனந்தபுரம் கலியபெருமாள் மைக் செட்டில் ஒயர், பெட்டி, ஏணி, குழாய் எல்லாம் கலியபெருமாளுடையது. குரல் மட்டும் அவர் பெண்டாட்டி ஆண்டாளுடையது.

எவ்வளவு உயரத்திலும் ஏறி ஒயர் கட்டுகிற மனிதர் அவர். மைக்கைக் கண்டால் மட்டும் உதறல். கல்யாணமான புதிதில் ஒரு சாவு அறிவிப்புக்கு ஆட்டோவில் போனவர், ‘அலோ’ என்றதோடு மேலே சொல்ல வராமல் உட்கார்ந்துவிட்டார். துணைக்குப் போயிருந்த ஆண்டாள் மைக்கைப் பிடுங்கி, செத்தவர் பேர், தெரு, எடுக்கிற நேரம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அன்றிலிருந்து செஞ்சி சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ரேஷன் கடை அறிவிப்பு எல்லாமே அவள் குரல்தான். எல்லாக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டிருக்கிறாள். அவள் யாருக்குப் போட்டாள் என்பது அவளுக்கே வெளிச்சம்.

கோட்டை மலையடியில் சித்திரையில் நடக்கிற அம்மன் திருவிழாவுக்கும் மைக் அவர்கள்தான். நான் பக்கத்தில் மோர்ப்பந்தல் போடுகிறவள். அதனால் இந்த வருஷம் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

திருவிழா என்றால் குழந்தை தொலையும். தொலைந்த குழந்தை மைக் பந்தலுக்கு வரும். முன்பெல்லாம் ஆண்டாளும் ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் மைக்கில் ஒப்பித்துவிடுவாள். குழந்தையின் பேர் இது, ரோஸ் கவுன், கையில் கண்ணாடி வளையல் என்று. ஒரு வருஷம் அப்படி ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். பேர் சொன்னான், ரோஸ் கவுன் என்றான், வளையலையும் சொன்னான். குழந்தையைக் கொடுத்துவிட்டார்கள். கோட்டை வாசலருகே அந்தக் குழந்தையின் சித்தி எதிரே வந்தாள். குழந்தை வீரிட்டு அவளிடம் தாவியது. அந்த ஆள் பிஸ்கட்டைக்கூடப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் மறைந்தான். இன்றைக்கு வரை அவன் யாரென்று தெரியாது. அவனுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஆண்டாளே குழாய் கட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் முறையை மாற்றினாள். மைக்கில், “ஒரு குழந்தை எங்களிடம் இருக்கிறது, தொலைத்தவர்கள் பந்தலுக்கு வாருங்கள்” என்பதோடு சரி. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமாட்டாள். பந்தலுக்குள் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, குழந்தையை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். வருகிறவர் முதலில் பதில் சொல்ல வேண்டும். குழந்தை என்ன சட்டை போட்டிருக்கிறது? வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? சரியாக இருந்தால்தான் திரை விலகும்.

அம்மாக்கள் அழுதுகொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சட்டையில் எந்தப் பட்டன் அறுந்திருக்கிறது என்பது வரை வரும். நைனாக்கள், அதாவது அப்பன்மார், வந்தால்தான் வேடிக்கை. “பச்சையா இருக்கும். இல்ல, நீலம். ஏதோ ஒரு துணி போட்டுக்கினு இருந்துதும்மா!” என்று ஒருவர் என் கண்ணெதிரே சொன்னார். அவர் பிள்ளையாண்டான் சிவப்புச் சட்டையில் திரைக்குப் பின்னால் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

அப்போதெல்லாம் நானும் சிரித்தேன். இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை.

மத்தியான வெயில். வேண்டுதலுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள் மைதானம் முழுக்கத் திரிந்தன. புளியமரத்தடியில் தனியாக அழுதுகொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சில பெண்கள் தூக்கிவந்து ஆண்டாளிடம் விட்டார்கள். அதுவும் மொட்டை. அழுத களைப்பில் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனது. திரைக்கு வெளியே சந்தனத் தலை மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

ஆண்டாள் மைக்கில் சொன்னாள். ராஜாராம் வந்தார். கோட்டைப் பக்கம் இவரைத் தெரியாதவர் இல்லை. இடம் வாங்கி விற்கிறவர். எந்த விழா பேனரிலும் மூலையில் கைகூப்பி நிற்பார். விழாக் குழுத் தலைவர் தாண்டவராயனின் தங்கை வீட்டுக்காரர் வேறு. காதில் போனை வைத்துக்கொண்டே வந்தவர் திரையோரம் தெரிந்த மொட்டைத் தலையைப் பார்த்தார். அவர் மகளுக்கும் அன்று காலையில்தான் மொட்டை போட்டிருந்தார்கள்.

“ஆங், கெடச்சிட்டா கெடச்சிட்டா, அப்புறம் பேசுறேன்” என்று போனில் சொல்லிவிட்டுக் குனிந்தார்.

ஆண்டாள் குறுக்கே கையை நீட்டினாள். “இருங்கண்ணே. கொழந்த இன்னா சட்ட போட்டுக்குது?”

“இன்னாம்மா கேக்குற? எம் பொண்ணும்மா.”

“உங்க பொண்ணுதான். சட்ட இன்னா கலருன்னு சொல்லிட்டுத் தூக்கிக்கினு போங்க.”

அவர் யோசித்தார். சத்தியமாக யோசித்தார். “செவப்பு” என்றார். ஆண்டாள் நீட்டிய கையை எடுக்கவில்லை. “இல்ல, பாவாட. பட்டுப் பாவாட.” திரைக்குப் பின்னால் இருந்த குழந்தை பச்சைச் சீட்டிப் பாவாடை கட்டியிருந்தது.

“வூட்ல எப்டிக் கூப்புடுவீங்க?”

“பாப்பான்னுதான்.”

“எல்லாரு வூட்லயும் பாப்பாதாண்ணே. போட்டோ இருந்தா காட்டுங்க.”

போனைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போனார். கட்சித் தலைவருக்குச் சால்வை போடுகிற ராஜாராம், புது பைக்கில் ராஜாராம், ராஜகிரி மலை பின்னால் தெரிய கூலிங்கிளாஸ் ராஜாராம். மகள் போட்டோ ஒன்று கடைசியில் கிடைத்தது. முதல் பிறந்த நாள், தலை நிறைய முடி. அதை வைத்து மொட்டைத் தலையை எப்படி ஒப்பிடுவது?

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நியாயம் பேச நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? “ஆம்பளைக்கு இதெல்லாம் எப்டிம்மா தெரியும்?” என்றார் ஒருவர். ஏன் தெரியாது? பக்கத்து மனையின் நீள அகலம் தெரிகிறது. எவன் எந்தக் கட்சிக்குத் தாவினான் என்று தெரிகிறது. காலையில் கையைப் பிடித்துக் கூட்டிவந்த பிள்ளை என்ன துணி போட்டிருக்கிறது என்பது மட்டும் தெரியாதா? இன்னொருவர், “அம்மாக்காரி எங்க போனா? புள்ளயப் பாக்காம?” என்றார். அம்மாக்காரி ரஞ்சனி எங்கே போனாள் என்று நான் சொல்கிறேன். பொங்கல் வைக்க வரிசையில் நின்றவள், பானை இறக்கும்வரை கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளையை இவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இவர் ஒரு கையில் பிள்ளையையும் ஒரு கையில் போனையும் பிடித்திருந்தார். எந்தக் கை விட்டது என்று சொல்லவும் வேண்டுமா?

ராஜாராமுக்கு முகம் சிவந்தது. “ஊருக்கே தெரியும் நான் யாருன்னு. நான் என்னா புள்ள புடிக்கிறவனா?”

“நீங்க யாருன்னு எனக்கும் தெரியும்ணே. கொழந்த யாருன்னுதான் தெரியல” என்றாள் ஆண்டாள். மைக்கை எடுத்து, “குழந்தையின் தாயார் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும்” என்று தொடங்கினாள்.

முடிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த தாண்டவராயன் நேராகப் பெட்டியிடம் போய் ஒயரைப் பிடுங்கினார். குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. “மச்சான் மானத்த மைக் போட்டு வாங்குறியா? கொழந்தயக் குடு. இல்லன்னா அடுத்த வருசம் இந்தப் பக்கமே தலவச்சிப் படுக்காதீங்க” என்றார்.

கலியபெருமாள் கையைப் பிசைந்தார். அந்தத் திருவிழாவை வைத்துத்தான் அவர்களுக்கு மற்ற ஊர் வாய்ப்புகள் வரும். “குட்த்துடேன் ஆண்டாளு. பெரிய மனுசங்க பொய்யா சொல்லப்போறாங்க?” என்று கெஞ்சினார்.

ஆண்டாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். “பொய்னு சொல்லலய்யா. அம்மா வரட்டும். அதுவரைக்கும் குடுக்கமாட்டேன். ஒரு தபா குட்த்து நான் பட்டது போதும்” என்றாள். ஆளாளுக்குத் திட்டினார்கள். திமிர் பிடித்தவள் என்றார்கள். மைக் பிடிக்கிற பொம்பளைக்கு வாய் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பரவாயில்லை, நானும் சும்மா இருக்கவில்லை.

இந்தக் கூத்து நெடுநேரம் நடந்தது. பிறகுதான் ரஞ்சனி ஓடிவந்தாள். பானையை இறக்கிவிட்டு, புருஷனையும் பிள்ளையையும் காணாமல் மலைப் படிக்கட்டுவரை தேடிவிட்டு வந்திருக்கிறாள். கையில் பொங்கல் கரி, தலை கலைந்து மூச்சு வாங்கியது.

“சொல்லும்மா, சொல்லிட்டு வாங்கிக்க!” என்று தாண்டவராயன் தங்கையைப் பார்த்துக் கத்தினார்.

“ஆரஞ்சு கவுன்க்கா” என்றாள் ரஞ்சனி, ஆண்டாள் கேட்பதற்கு முன்பே. “கழுத்துல வெள்ள லேசு. வூட்ல குழலுன்னு கூப்புடுவோம், பூங்குழலி. எடது முட்டில நேத்து விழுந்த காயம்.”

ஆண்டாளின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அவள் எழுந்து திரையை விலக்கினாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வெளிச்சம் பட்டு விழித்துக்கொண்டு, பச்சைப் பாவாடையோடு எழுந்து உட்கார்ந்தது.

ரஞ்சனி ஒரு நொடி பார்த்தாள். “இது எங்க கொழந்த இல்ல.” அப்புறம் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கங்க எம் புள்ள?”

இத்தனை நேரமும் ராஜாராமின் மகள் வெளியே எங்கேயோ தனியாகத் திரிந்துகொண்டிருந்தாள். அவர் யாரோ பெற்ற பிள்ளைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தேடியிருக்க வேண்டிய கூட்டமும் இங்கே நின்று வேடிக்கை பார்த்தது. கூப்பிட்டிருக்க வேண்டிய மைக்கையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

கலியபெருமாள் ஓடிப்போய் ஒயரைச் சொருகினார். ஆண்டாள் முதன்முறையாகத் தன் முறையைத் தானே மீறி, ஆரஞ்சு கவுனையும் வெள்ளை லேசையும் மைதானம் முழுக்கச் சொன்னாள். ரஞ்சனி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் அம்மனை என்னவெல்லாம் கேட்டேன் என்று எழுத முடியாது.

கோட்டை வாசலில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கும் குஞ்சம்மாள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “திருவண்ணாமல ரோட்டுல நின்னுக்கினு இருந்துச்சி. பஸ்சு ஒன்னு பிரேக் போட்ட சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா, சக்கரத்துக்கு முன்னாடி நிக்கிது. ஓடிப் போயி இழுத்தேன். மைக்ல கூப்புடுவீங்க, உடனே குட்த்து அனுப்பலாம்னு பாத்தா சத்தத்தயே காணோம். வண்டிய வுட்டுட்டு எங்கன்னு தேடுறது?” என்றாள். அவள் கையிலிருந்த குழந்தையை ரஞ்சனி பிடுங்கி அணைத்துக்கொண்டாள். குழந்தையின் வாயோரத்தில் கரும்பு ஜூஸ் காய்ந்திருந்தது.

பச்சைப் பாவாடைக் குழந்தையின் அம்மாவும் வந்து சேர்ந்தாள். தொண்டூரிலிருந்து வந்தவள், பிள்ளையைத் தேடி மலைமேல் ஏறி அங்கே கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஆண்டாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். தன் பிள்ளை யார் கையில் போயிருக்கும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ராஜாராம் என்ன சொன்னார் தெரியுமா? மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறீர்களா? சட்டையை உதறிவிட்டுக்கொண்டு, “மொட்ட போட்டா எல்லாக் கொழந்தயும் ஒரே மாரிதான் இருக்குது” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். அவர்களுக்கு அது ஒரு தமாஷ். ரஞ்சனியைப் பார்த்து, “இனிமேலாவது புள்ளய ஒழுங்காப் பாத்துக்கம்மா” என்று புத்தியும் சொன்னார்கள். என் கையில் மோர்க் குவளை இருந்தது. எப்படி வீசாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

தாண்டவராயன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. பாட்டப் போடும்மா” என்றார்.

ஆண்டாள் பாட்டுப் போடவில்லை. மைக்கை எடுத்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. ஆனாலும் மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது.

“திருவிழாவுக்கு வந்துக்கிற நைனாங்க எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு. ஒங்க கொழந்த இப்ப இன்னா சட்ட போட்டுக்குதுன்னு சொல்லுங்க. என்கிட்ட சொல்ல வேணாம். நின்ன எடத்துலயே, ஒங்க மனசுக்குள்ள சொல்லுங்க.”

மைதானத்தில் ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பினார்கள். தாண்டவராயனும் பேரன் எங்கே என்று கண்ணைச் சுழற்றினார். சிலர் குனிந்து பிள்ளையைப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் தேடியது பிள்ளையை அல்ல, கேட்டுத் தெரிந்துகொள்ளப் பெண்டாட்டியை.