பேசுமா டீச்சர்?

வரலாற்று சாரின் லேப்டாப் திரை எப்போதும் இருட்டாகவே இருக்கும். அவருக்குப் பார்வை கிடையாது. தனக்கு வெளிச்சம் எதற்கு, பேட்டரிதான் வீண் என்று, வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானைக் கடைசிவரை அழுத்தி வைத்திருப்பார். ஆழ்வார்குறிச்சியிலிருந்து தினமும் காலை ரயிலில் திருநெல்வேலி வருகிறவர். மடியில் அந்தக் கறுத்த திரையை விரித்து, ஒரு காதில் மட்டும் ஹெட்போனைச் செருகி, அன்றைய பாடக்குறிப்பைத் தட்டிக்கொண்டே வருவாராம். "என்னவே, அணைஞ்சு கெடக்க கம்ப்யூட்டர்ல என்னத்தத் தட்டுதீரு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், பதில் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைப்பார். கேட்டவர் பதறி எடுத்துவிடுவார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலை அவ்வளவு வேகத்தில் வைத்திருந்தார். நமக்கு அது சட்டியில் கடுகு பொரிவதுபோலத்தான் கேட்கும். அவருக்கு அதுதான் கண்.

பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் கணினி ஆசிரியை, மேலப்பாளையத்துக்காரி. சுபாவத்திலேயே பயந்தவள். ஒரு சின்ன அப்டேட் பொத்தானைக்கூட பிஸ்மி சொல்லித்தான் அழுத்துவேன். அதைக் கேட்டு சார் சிரிப்பார். அப்படிப்பட்டவள்தான் நான்கு வருடங்களுக்கு முன்பு வலியப் போய் அவர் லேப்டாப்பில் கை வைத்தேன். அவர் வைத்திருந்தது லினக்ஸ். அதைப் பல குழுக்கள் பல விதமாகத் தொகுத்துத் தருவார்கள். ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்போம். அவருடைய டிஸ்ட்ரோவுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகிற நேரம். மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்துவிடலாம் என்று அவரைப் பயமுறுத்தினேன். சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பேசுமா டீச்சர்?"

"பேசும் சார்" என்றேன். யோசிக்கவே இல்லை.

எதைப் போடுவது என்று மட்டும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் மென்பொருள்களைக் கட்டித்தருகிற முறையே மாறிக்கொண்டிருந்தது. பழைய முறையில் எல்லா மென்பொருளும் ஒரே வீட்டில் பொது அடுப்பில் சமைத்துச் சாப்பிடும். புது முறையில் ஒவ்வொன்றும் தன் அடுப்பு, தன் பாத்திரம் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவந்து, தனி அறைக்குள் கதவைச் சாத்திக்கொள்ளும். பாதுகாப்பு என்னவோ அதிகம்தான். ஆனால் சாருக்கு வாசித்துச் சொல்லும் குரல் வெளியே நிற்கிறது. கதவு சாத்தியிருந்தால் உள்ளே நடப்பதை அது எப்படிச் சொல்லும்? இந்தக் கவலையில், பிரவுசரை மட்டும் பழைய முறையிலேயே கேட்டு வாங்கினேன். பழைய கட்டளை, பழைய பெயர். வந்தது, திறந்தது, பக்கம் பளிச்சென்று தெரிந்தது. மற்ற இடங்களிலெல்லாம் குரலும் நன்றாகக் கேட்டது. திருப்தியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுத்த மறுநாளே அரையாண்டு மதிப்பெண்களை இணையதளத்தில் ஏற்றக் கடைசி நாள். மாலை ஐந்து மணிவரைதான் கெடு. முந்தைய வருடம் சாருக்கு உதவியாக உட்கார்ந்து பதிந்தவர் இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டு, பழி சார்மேல் விழுந்திருந்தது. அதிலிருந்து யாரையும் தொடவிடாமல் தானே பதிவேன் என்று நின்றார். தலைமையாசிரியையும் சரி என்றார், ஆனால் எல்லாருக்கும் முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "இந்தத் தடவ ஒரு தப்போ தாமதமோ வந்துச்சுன்னா, பிளஸ் டூவ வேற ஆளுக்குக் குடுத்துருவேன் சார். அப்புறம் வருத்தப்படக் கூடாது." அந்த வகுப்பு சாருக்கு உயிர்.

மூன்று மணிக்குச் சார் கணினி அறைக்கு வந்தார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் பிரெய்லில் குத்திய மதிப்பெண் தாள்கள். முகம் வெளிறியிருந்தது. "டீச்சர், பிரவுசர தொறந்தா பேச்சு நின்னுருது" என்றார், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். பக்கம் அழகாகத் திறந்திருந்தது. ஹெட்போனைக் காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. பிரவுசரை நீக்கிவிட்டு அதே பழைய கட்டளையில் மறுபடி இறக்கினேன். மறுபடியும் மௌனம். அப்போதுதான் இறங்கும்போது ஓடிய வரிகளை ஒழுங்காகப் படித்தேன். நான் கேட்ட பெயரில் வந்தது வெறும் கூடு. அது சத்தமில்லாமல் போய், கதவு சாத்திய புது முறைப் பிரவுசரையே கூட்டிவந்திருந்தது. முதல் நாளும் இதேதான் நடந்திருக்கிறது. அன்று அந்தப் பிரவுசரை நான் பார்த்தேன், பார்த்ததோடு போதும் என்று மூடிவிட்டேன்.

"கண்ண மூடிட்டு ஒருக்கா ஓட்டிப் பாத்தியளா டீச்சர்?" என்றார் சார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பையத்தான் கேட்டார்.

அறையில் இருந்த மற்ற கணினிகள் எதுவும் பேசாதவை. நானே பதிந்து கொடுக்கிறேன் என்று சொல்ல நா வரவில்லை. அதைத்தானே அவர் கூடாது என்கிறார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம். சார் கை நீட்டி வெளிச்சத்தை மறுபடி அணைத்தார், ஹெட்போனைச் செருகினார், இடது கையால் பிரெய்லைத் தடவிக்கொண்டே வலது கையால் தட்ட ஆரம்பித்தார். தலைமையாசிரியை வாசலில் நின்று, "எவ்வளவு ஆச்சு சார்?" என்றார். "ஓடுது மேடம்" என்று தலையைத் திருப்பாமல் சொன்னார் சார். அந்த அம்மா ஒரு நிமிடம் நின்றிருப்பார். திரை என்றும் இருட்டு, ஹெட்போன் என்றும் காதில். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஊமையாகிவிட்ட ஒரு இயந்திரத்தில், எங்கே போகிறது என்றே தெரியாத எழுத்துகளை, விரல் கொஞ்சமும் நடுங்காமல் அவர் தட்டிக்கொண்டிருந்தார். அதுபோல ஒரு பயத்தை அதற்கு முன்னும் நான் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

தலைமையாசிரியை போனதும் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பயந்தவள் எதையும் தூக்கிப்போட மாட்டாள். சாரின் பழைய டிஸ்ட்ரோ இருந்த பென்டிரைவ் அழிக்கப்படாமல் கிடந்தது. அதைச் செருகி அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினேன். அது கிளம்பி முடிகிற வரைக்கும் எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினேன். குரலை எழுப்பும் பொத்தான்களைச் சார் அழுத்தினார். பிரவுசரைத் திறந்தார். கடுகு பொரிந்தது. ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது கடைசிப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் ஏற்றிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதையே உள்ள போட்டுருங்க டீச்சர். கள்ளன் வந்தா வரட்டும். பேச்சு நிக்கக் கூடாது" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். பிளஸ் டூ வகுப்பு அவரிடமே இருந்தது. ஆனால் அதன்பிறகு அந்த லேப்டாப்பை என்னிடம் அவர் தரவே இல்லை. பேச்சுவார்த்தையில் குறை கிடையாது, டீக்கு வந்தால் சிரித்துத்தான் பேசுவார். ஏதாவது கோளாறா சார் என்று கேட்டால் மட்டும், "ஒண்ணுமில்ல, நல்லா ஓடுது" என்று பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். அந்த இழுப்பு ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது.

போன மாதம் அவராகவே அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பழைய பிரவுசர்களை இனி ஏற்கமாட்டோம் என்று மதிப்பெண் இணையதளத்தில் அறிவிப்பு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இன்று புது முறை எங்கும் பரவிவிட்டது. கதவில் ஒரு துவாரம் விட்டு, குரல் உள்ளே எட்டிப் பார்க்கப் பல இடங்களில் வழி செய்திருக்கிறார்கள். ஆனாலும் நாளை வருகிற ஒரு அப்டேட் அந்தத் துவாரத்தை அடைத்துவிடாது என்று யார் உறுதி சொல்வது? மூன்று டிஸ்ட்ரோக்களைப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ஒரு பெயரைத் தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒன்பதாம் நாள், இல்லாத ஒரு வகுப்பின் நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் திரையைப் பாராமல் மதிப்பெண் பதிந்தேன். தானாக நடக்கும் அப்டேட்டுகளை நிறுத்தினேன். பழையதையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, அவர் லேப்டாப் பையின் உள்ஜிப்பில் வைத்தேன்.

நேற்றுக் காலை லேப்டாப்பை அவர் கையில் கொடுத்தேன், திரையை இருட்டாக வைத்தே. சார் வாங்கி, மூடியை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"பேசுமா டீச்சர்?"

நான்கு வருடங்களுக்கு முன்பு சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"இன்னைக்குப் பேசுது சார்" என்றேன்.

சார் தலையாட்டினார். ஒரு காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு, மற்றதை என் பக்கம் நீட்டினார்.